தபால் பெட்டியில் இருந்த பெயர்

நேயர்களுக்கு வணக்கம். பிடித்த இசைக்குழு ஒன்றைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். நான் ஒரு அடிதடியிலிருந்து தொடங்குகிறேன்.

1967. அமெரிக்காவில் பிலடெல்பியா நகரம். அடெல்ஃபி பால்ரூம் என்ற அரங்கில் இளைஞர் குழுக்கள் மேடையேறக் காத்திருந்த நேரத்தில் இரண்டு கோஷ்டிகளுக்குள் சண்டை மூண்டு, துப்பாக்கிச் சத்தமும் கேட்டது. வெவ்வேறு குழுக்களில் பாட வந்திருந்த இரண்டு பையன்கள் தப்பித்தால் போதும் என்று ஒரே லிஃப்டுக்குள் ஓடிப் புகுந்தார்கள். ஒருவர் டேரில் ஹால், நெட்டை. இன்னொருவர் ஜான் ஓட்ஸ், குட்டை. பேசிப் பார்த்தால் இருவரும் டெம்பிள் பல்கலைக்கழக மாணவர்கள்.

அப்புறம் ஒரே வீட்டில் தங்கினார்கள். தபால்காரருக்காகப் பெட்டியில் இருவர் பெயரையும் சேர்த்து 'ஹால் அண்ட் ஓட்ஸ்' என்று எழுதி வைத்தார்கள். உலகம் அந்தப் பெயரையே பிடித்துக்கொண்டது. ஹாலுக்கு அது பிடிக்கவே இல்லை. ஆல்பம் அட்டைகளைப் பாருங்கள், பெரும்பாலும் இரண்டு முழுப்பெயர்கள்தான் இருக்கும். நாங்கள் இரட்டையர் இல்லை, சேர்ந்து வேலை செய்யும் இரண்டு ஆட்கள் என்பது அவர் கட்சி. வீண் பிடிவாதம் என்று நானும் ரொம்ப நாள் நினைத்திருந்தேன்.

1972-இல் அட்லாண்டிக் நிறுவனத்துக்காக முதல் ஆல்பம் வந்தது. யாரும் கண்டுகொள்ளவில்லை. அதற்கு அடுத்த ஆல்பத்தில் இருக்கிறது 'ஷீஸ் கான்', அதாவது 'அவள் போய்விட்டாள்' என்ற பாட்டு. நியூயார்க்கில் நள்ளிரவு தாண்டிய நேரத்தில் ஓட்ஸ் ஓர் உணவகத்துக்குப் போகிறார். கடும் குளிர். அங்கே பாலே நடனப் பாவாடையும் கவ்பாய் பூட்ஸும் போட்டுக்கொண்டு ஒரு பெண் வருகிறாள். பழகுகிறார்கள். புத்தாண்டுக்கு முதல் நாள் இரவு வருகிறேன் என்று சொன்னவள் வரவில்லை. ஓட்ஸ் சோபாவில் உட்கார்ந்து கிதாரை எடுத்துப் பல்லவியைப் போட்டார். ஹால் வந்து மீதியைச் சேர்த்தார். அவருக்கு அப்போது கல்யாணமே முறிந்துகொண்டிருந்தது. வராமல் போனவள் ஒருத்தி, விட்டுப் போனவள் ஒருத்தி. இரண்டு வருத்தமும் ஒரே பாட்டுக்குள் போய்விட்டன.

அந்தப் பாட்டும் முதலில் எடுபடவில்லை. 1974-இல் டவாரஸ் சகோதரர்கள் அதைப் பாடி, கறுப்பர் இசைக்கான ரிதம் அண்ட் புளூஸ் பட்டியலில் முதலிடத்துக்குக் கொண்டுபோனார்கள். 1976-இல் மறுபடி வெளியிட்டபோதுதான் ஹால், ஓட்ஸ் பாடிய பதிவு அமெரிக்கப் பொதுப் பட்டியலில் ஏழாம் இடம் வரை ஏறியது.

மறு வருடம் 'ரிச் கேர்ள்' அவர்களுக்கு முதல் நம்பர் ஒன். நடுவில் சில வருடம் மந்தம். 1980-இல் 'வாய்ஸஸ்' ஆல்பத்தைத் தாங்களே தயாரித்தார்கள். அதிலிருந்து பிடித்தது ஓட்டம். மொத்தம் ஆறு பாட்டுகள் அமெரிக்காவில் முதலிடம்.

அந்த ஆறில் ஒன்றுதான் 'ஐ கேன்ட் கோ ஃபார் தட்'. பதிவுக்கூடத்தில் அன்றைய வேலை முடிந்துவிட்டது. ஹால் சும்மா இருக்க முடியாமல் ரோலண்ட் சி.ஆர்.-78 என்ற சின்ன தாளப்பெட்டியைத் தட்டிவிட்டார். வால்ட்ஸ், ரம்பா என்று பொத்தானை அமுக்கினால் தாளம் போடும் கருவி. மெல்லிசைக் குழு கீபோர்டுக்காரர்கள் 'ரிதம் பாக்ஸ்' என்பார்களே, அதே வகை. அதன்மேல் ஆர்கனில் ஒரு பேஸ் வரியை, அதாவது பாட்டுக்கு அடியில் ஓடும் கீழ் ஸ்தாயி மெட்டை, வாசித்துப் பார்த்தார். உடனே டேப்பை ஓடவிடச் சொன்னார். ஓட்ஸ் கிதார் சேர்த்தார். பாட்டு கிடைத்துவிட்டது. எல்லோரும் அதைக் காதல் ஊடல் என்று நினைத்தார்கள். உண்மையில் அது இசைக் கம்பெனிகளைப் பார்த்து 'அதற்கெல்லாம் நான் ஆள் இல்லை' என்று சொல்வது.

1982-இல் அது கறுப்பர் இசைப் பட்டியலிலும் முதலிடம் பிடித்தது. வெள்ளைக்காரர்களுக்கு அங்கே அந்த இடம் லேசில் கிடைக்காது. அந்த பேஸ் வரியைத்தான் 'பில்லி ஜீன்' பாட்டுக்கு எடுத்துக்கொண்டதாக மைக்கேல் ஜாக்சனே தன்னிடம் சொன்னார் என்று ஹால் சொல்லியிருக்கிறார். கோபப்படவில்லை, எல்லோரும் செய்வதுதானே என்று விட்டுவிட்டாராம்.

1985-இல் நியூயார்க் ஹார்லெமில் புதுப்பித்துத் திறந்த அப்போலோ தியேட்டரில் பாடியபோது, பக்கத்தில் டெம்ப்டேஷன்ஸ் என்ற புகழ்பெற்ற கறுப்பர் பாடல் குழுவின் பழைய பாடகர்கள் டேவிட் ரஃபின், எட்டி கெண்ட்ரிக்ஸ். மாணவனாக இருந்தபோது ஹால் தன் குழுவுக்கு 'டெம்ப்டோன்ஸ்' என்றே பெயர் வைத்திருந்தார். அன்று ஆசான்களோடு ஒரே மேடை. அவர்கள் பயணத்தில் எனக்குப் பிடித்த நாள் அதுதான், 2014-இல் ராக் அண்ட் ரோல் புகழ் மண்டபத்தில் இடம் கிடைத்ததைவிட.

சரி, கடைசியில் என்ன ஆயிற்று? கூட்டு நிறுவனத்தில் தன் பங்கை ஓட்ஸ் ஒரு வெளிக் கம்பெனிக்கு விற்கப் பார்க்க, 2023 நவம்பரில் ஹால் நீதிமன்றத்துக்குப் போனார். தபால் பெட்டியில் ஒன்றாக இருந்த பெயர்கள் வழக்குத் தாளில் எதிரெதிரே நின்றன.

இப்போது 'ஷீஸ் கான்' ஒலிக்கப்போகிறது. முதல் சரணத்தைக் கவனியுங்கள். ஒரே மெட்டைத்தான் ஒருவர் கீழ் ஸ்தாயியிலும் இன்னொருவர் மேல் ஸ்தாயியிலும் பாடுகிறார்கள். கீழே கேட்பது ஓட்ஸ்.