சிரிக்காமல் சிரிக்கும் அந்த மீசைக்காரன்

வணக்கம் மக்களே. போன வீடியோவில் ஒரு கறுப்புக் கோட்டு ஆர்டர் போட்டேன் இல்லையா, கை முழுக்கப் பூவேலை என்று படம் போட்டிருந்தார்களே, அது வந்துவிட்டது. 85 பவுண்டு. பிரித்துத் தடவிப் பார்த்தால் ஒரு நூல்கூட இல்லை. எல்லாம் பிரிண்ட்! கையை மடக்கினால் முழங்கையில் பூ வெடித்துப் பிளக்கிறது. திருப்பி அனுப்ப 6 பவுண்டு நானே கட்ட வேண்டுமாம். இரண்டு நாளாக வயிறு எரிகிறது.

அந்தக் கடுப்பில் நேற்று ஓவிய அருங்காட்சியகமான வாலஸ் கலெக்‌ஷனுக்குப் போய்விட்டேன். லண்டனில் மனசு சரியில்லை என்றால் நான் அங்கேதான் போவேன், உங்களுக்கே தெரியும். டிக்கெட்டும் கிடையாது. போனது ஒரே ஆளைப் பார்க்க: டச்சு ஓவியர் ஃபிரான்ஸ் ஹால்ஸ் வரைந்த 'லாஃபிங் கவாலியர்', அதாவது 'சிரிக்கும் கவாலியர்'. பூவேலை என்றால் அந்தக் கையில் இருப்பதுதான் பூவேலை. அம்பு, தேனீ, தீப்பிழம்பு, காதல் முடிச்சு, அத்தனையும் இருக்கிறது.

ஆனால் ஆள் சிரிக்கவே இல்லை! வாய் மூடித்தான் இருக்கிறது. மீசை நுனி இரண்டும் மேலே முறுக்கி நிற்கிறது, மிச்சத்தைக் கண் பார்த்துக்கொள்கிறது. கள்ளச் சிரிப்பு என்போமே, அதுதான். பல்லைக் காட்டியிருந்தால் எல்லாம் போயிருக்கும். இடுப்பில் கை வைத்து, முழங்கையை நம்மை இடிப்பது போல நீட்டி, கொஞ்சம் மேலிருந்து பார்க்கிறான். அந்தத் தெனாவட்டு இருக்கிறதே, அப்பப்பா!

இப்போது துணி விளம்பரங்களில் போக்கிரி லுக் என்று முறைத்துக்கொண்டு நிற்கிறார்கள். எனக்குச் சுத்தமாகப் பிடிக்காது. முறைப்பவனைக் கண்டால் ஒதுங்கித்தான் போவோம். இவனைப் பார்த்தால், என்ன விஷமம் பண்ணிவிட்டு வந்து நிற்கிறாய் என்று கேட்கத் தோன்றுகிறது.

அட, வருடம் சொல்லவே இல்லையே. 1624. வயது 26 என்று படத்திலேயே எழுதியிருக்கிறது. ஹாலந்தில் வரைந்தது, அதனால் இங்கிலாந்து உள்நாட்டுப் போரில் அரசர் பக்கம் நின்ற கவாலியர்களுக்கும் இவனுக்கும் சம்பந்தமே இல்லை. அந்தப் பெயர் பிற்பாடு இங்கே வந்து ஒட்டியது. 1865-இல் பாரிஸ் ஏலத்தில் வங்கியாளர் ரோத்ஷீல்டோடு மோதி, ஹெர்ட்ஃபோர்ட் பிரபு 51,000 ஃபிராங்குக்கு எடுத்தார். அப்போதே அந்த மீசைக்கு அவ்வளவு மவுசு!

இன்னொன்று, கறுப்பு. ஹால்ஸிடம் 27 கறுப்பு இருக்கிறது என்று ஓவியர் வான்கோ கடிதத்தில் எழுதியிருக்கிறார். என் கோட்டில் இருப்பது ஒரே கறுப்பு, அதுவும் வெளிறிப்போன கறுப்பு.

ஆனாலும் கோட்டைத் திருப்பி அனுப்பவில்லை. ஊரில் சித்தி ஆரி வேலை செய்கிறார். பிரிண்டின் மேலேயே தேனீ போட்டுத் தருவதாகச் சொல்லியிருக்கிறார், பொங்கலுக்குப் போகும்போது கொண்டுபோகிறேன். ஒரு கைக்கு எத்தனை தேனீ என்பதில்தான் சண்டை. சித்தி மூன்று போதும் என்கிறார். எனக்கு ஏழு வேண்டும்.