காற்றில்லாத நாட்களில் உறங்கிய வழு

திருநெல்வேலி வானொலி நேயர்களுக்கு என் வணக்கம்.

கணினியை இயக்கும் அடிப்படை மென்பொருளான இயங்குதளத்தின் கெர்னலில் உள்ள வழுக்களை, அதாவது நிரல் பிழைகளை, திருத்தும் வேலை எப்படிப்பட்டது என்று சொல்லுமாறு கேட்டிருக்கிறார்கள். பல ஆண்டுகளாக அந்த வேலையைச் செய்துவருபவன் என்ற முறையில், நம் மாவட்டத்தில் நான் தேடிப் பிடித்த ஒரே ஒரு வழுவை மட்டும் எடுத்துக்கொண்டு பேச விரும்புகிறேன்.

கெர்னல் என்பது இயங்குதளத்தின் உட்கரு. கணினியில் ஒரே நேரத்தில் பல நிரல்கள் ஓடுகின்றன. நினைவகமும் செயலியின் நேரமும் அனைத்துக்கும் வேண்டும். கன்னடியன் கால்வாயில் வரும் தண்ணீரை எந்த மடைக்கு எவ்வளவு நேரம் விடுவது என்று ஒருவர் முறை வைத்துப் பங்கிடுவதைப் போல, அந்தப் பங்கீட்டைக் கெர்னல் செய்கிறது. வெளியிலிருந்து இணைக்கப்படும் கருவிகளோடு பேசுவதற்கு டிரைவர் எனப்படும் நிரல்பகுதிகளும் அதற்குள்ளேயே இருக்கின்றன. ஒரு சாதாரண நிரலில் பிழை நேர்ந்தால் அந்த நிரல் மட்டும் நிற்கும். கெர்னலில் பிழை நேர்ந்தால் அதை நம்பியிருக்கும் எதற்கும் உத்தரவாதம் இல்லை. 1991ஆம் ஆண்டு பின்லாந்தில் லினஸ் டோர்வால்ட்ஸ் என்ற மாணவர் எழுதத் தொடங்கிய லினக்ஸ் கெர்னல்தான், இன்று உங்கள் கையிலிருக்கும் ஆண்ட்ராய்டு கைப்பேசியிலும், நான் சொல்லப்போகும் பெட்டியிலும் ஓடுகிறது.

பணகுடி, வள்ளியூர், ராதாபுரம் பக்கம் போனவர்களுக்குக் காற்றாலைகளைப் பற்றி நான் விளக்க வேண்டியதில்லை. அங்கே ஒரு நிறுவனம், காற்றின் வேகத்தை அளக்கும் 12 சிறு பெட்டிகளை நிறுவியிருந்தது. வேகம் ஓர் எல்லையைத் தாண்டினால் பெட்டி எச்சரிக்கை அனுப்ப வேண்டும். சீறி அடிக்கும் காற்றில் எச்சரிக்கைகள் நூற்றுக்கணக்கில் குவிந்துவிடாதபடி, ஓர் எச்சரிக்கைக்கும் அடுத்ததற்கும் இடையே குறைந்தது ஒரு விநாடி இடைவெளி இருக்க வேண்டும் என்று டிரைவரில் எழுதப்பட்டிருந்தது. பங்குனியும் சித்திரையும் அமைதியாகக் கழிந்து, வைகாசிக் கடைசியில் மேல்காற்று எழும்பியபோது, சில பெட்டிகள் வாயே திறக்கவில்லை. அணைத்துவிட்டு மீண்டும் இயக்கினால் உடனே சரியாகிவிடும். அதனால் வெயில்தான் காரணம் என்றார்கள், கம்பிதான் காரணம் என்றார்கள், காற்றை அளக்கும் அளவியை இரண்டு முறை மாற்றினார்கள். ஒவ்வொரு முறை மாற்றும்போதும் பெட்டியை அணைத்து இயக்க வேண்டியிருந்ததால், மாற்றிய பொருளால்தான் குணமானது என்று நம்பவும் இடமிருந்தது.

நான் போனபோது, பழுதான பெட்டியை யாரும் அணைக்க வேண்டாம் என்று முதலில் கேட்டுக்கொண்டேன். மறுதொடக்கம் செய்தால் பழுது மறையும். அதோடு சேர்ந்து நினைவகத்தில் உள்ள அத்தனை தடயமும் மறைந்துவிடும். அந்த இடத்தைப் பார்த்துக்கொள்ளும் அண்ணாச்சி ஒருவர், நான் மடிக்கணினியை இணைத்துக்கொண்டிருக்கையில் அருகே வந்து, "தம்பி, கரண்டு அடிக்கடி போற இடத்துல உள்ள பெட்டிக்கு மட்டும் ஒண்ணும் வரலியே, பாத்தியளா?" என்றார். அந்த வழக்கில் எனக்குக் கிடைத்த மிகச் சிறந்த சாட்சியம் அதுதான். மின்சாரம் போய்ப் போய் வரும் ஊரில் பெட்டி தானாகவே மறுதொடக்கமாகிக்கொண்டிருக்கிறது. தடங்கலில்லாமல் நெடுநாள் ஓடும் பெட்டிதான் நோயில் விழுகிறது.

அப்படியானால் இது வெயிலின் வேலை அல்ல, நாட்கணக்கின் வேலை. பெட்டி 41 நாட்களாக இடைவிடாமல் ஓடியிருந்தது. கடைசி எச்சரிக்கை அனுப்பி 29 நாட்கள் ஆகியிருந்தன. அளவியிலிருந்து கெர்னலுக்கு வரும் குறுக்கீடுகளின், அதாவது 'என்னைக் கவனி' என்ற அழைப்புகளின், எண்ணிக்கையோ கண்ணெதிரே ஏறிக்கொண்டிருந்தது. ஆக, அளவியும் கம்பியும் குற்றமற்றவை. செய்தி கெர்னலுக்குள் நுழைகிறது, வெளியே வரவில்லை.

கெர்னல் காலத்தை ஓர் எண்ணியால் கணக்கிடுகிறது. எங்கள் பெட்டியில் அது விநாடிக்கு 1,000 வீதம் ஏறும் 32 பிட் எண், அதாவது 0, 1 என்ற இலக்கங்களால் ஆன 32 இட எண். அதற்கு ஏறக்குறைய 429 கோடி வரைதான் இடம், 49.7 நாட்களில் நிறைந்து, மறுபடி சுழியத்திலிருந்து தொடங்கும். நம் அறுபதாண்டுக் கணக்கும் இப்படித்தான்: அட்சய முடிந்தால் பிரபவ வந்துவிடும். அப்படிச் சுற்றிவரும் எண்களில் எது முந்தியது, எது பிந்தியது என்று முடிவு செய்ய, கெர்னல் குறுகிய இடைவெளியையே உண்மையென எடுத்துக்கொள்கிறது. இடைவெளி அரைச்சுற்றுக்குள் இருக்கும்வரை இது பிசகாது. பிரபவ ஆண்டில், அதாவது 1987இல், ஒரு கிணறு வெட்டி, அதைச் சுபகிருது ஆண்டில், 2022இல், ஆழப்படுத்தினார்கள் என்று வையுங்கள். ஆண்டுப் பெயர்களை மட்டும் வைத்துக்கொண்டு, குறுகிய இடைவெளியை நம்பிச் சொல்பவர், சுபகிருது முந்தியது, பிரபவ பிந்தியது என்றுதான் சொல்வார். ஏனெனில் முன்னோக்கி எண்ணினால் 35, பின்னோக்கி எண்ணினால் 25. வெட்டாத கிணற்றை ஆழப்படுத்தியதாகக் கணக்கு வந்துவிடும்.

எங்கள் டிரைவரில் நடந்தது இதுவே. அரைச்சுற்று என்பது 24.8 நாட்கள். அதற்கு மேல் காற்று அமைதியாக இருந்துவிட்டால், எப்போதோ கடந்துபோன அந்த ஒரு விநாடி இடைவெளி இன்னும் வரவே இல்லை என்று டிரைவர் முடிவு செய்து, வந்த எச்சரிக்கையைத் தள்ளிவிடுகிறது. தள்ளியதால் கடைசி எச்சரிக்கையின் நேரமும் புதுப்பிக்கப்படுவதில்லை. அதனால் அடுத்ததையும் தள்ளுகிறது. முழுச்சுற்று முடிந்து 50ஆம் நாளில் தானாகவே சரியாகிவிடும். சில பெட்டிகளில் வந்து சிலவற்றில் வராத மர்மம் இவ்வளவுதான். இத்தகைய சுழற்சிப் பிழைகள் சீக்கிரமே அம்பலமாகட்டும் என்றுதான், கணினி தொடங்கிய ஐந்தாம் நிமிடத்திலேயே எண்ணி ஒரு முறை நிறைந்து திரும்பும்படி லினக்ஸ் கெர்னலில் அதன் தொடக்க மதிப்பை அமைத்திருக்கிறார்கள். அந்த முன்யோசனையை நான் எப்போதும் வியக்கிறேன். ஆனால் எங்கள் வழு எண்ணி திரும்பும் கணத்தில் இல்லை, நீண்ட மௌனத்தில் இருந்ததால், அந்த வலையில் சிக்கவில்லை.

காரணம் இது என்று ஊகித்தால் போதாது, விரும்பும்போது வழுவை வரவழைத்துக் காட்ட வேண்டும். லினக்ஸின் ஒரு பதிப்புக்கும் அடுத்த பதிப்புக்கும் இடையே பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட மாற்றங்கள் சேர்கின்றன. எந்த மாற்றம் பழுதைக் கொண்டுவந்தது என்று அறிய, வரிசையைப் பாதியாகப் பிளந்து, எந்தப் பாதியில் பழுது இருக்கிறது என்று சோதித்து, அதை மீண்டும் பிளப்பது வழக்கம். ஏறத்தாழ 14 சோதனைகளில் ஒற்றை மாற்றத்துக்கு வந்துவிடலாம். எங்கள் வழுவுக்கோ ஒவ்வொரு சோதனைக்கும் 25 நாட்கள் காத்திருக்க வேண்டும். கிட்டத்தட்ட ஓர் ஆண்டு ஓடிவிடும். ஆகவே, சோதனைப் பெட்டியில் கடைசி எச்சரிக்கையின் நேரத்தை மட்டும் 26 நாட்கள் பின்னுக்குத் தள்ளி எழுதினேன். இரண்டே நிமிடத்தில் பெட்டி ஊமையாயிற்று. அன்றிரவு பாளையங்கோட்டைக்குத் திரும்பும் பேருந்தில் எனக்குத் தூக்கம் வரவில்லை.

திருத்தம் நான்கு வரிகள்தான். 32 பிட் எண்ணிக்குப் பதிலாக 64 பிட் எண்ணியைப் பயன்படுத்தினேன். அது நிறைய 58 கோடி ஆண்டுகள் ஆகும். அதற்கு முன்பு, பெட்டிகளைத் தினமும் நள்ளிரவில் தானாக மறுதொடக்கம் செய்யவைத்தால் போதுமே என்று ஒரு யோசனை வந்தது. அதை நான் ஏற்கவில்லை. மறுதொடக்கமாகும் நேரத்தில் காற்றைப் பார்க்கக் கண் இருக்காது என்பது ஒரு காரணம். அதே டிரைவரை வேறெங்கோ பயன்படுத்துபவருக்கு அந்த உபாயம் போய்ச் சேராது என்பது இன்னொரு காரணம். அதனால் அந்த நான்கு வரிகளோடு, ஏன் மாற்றினேன், எப்படிச் சோதிப்பது என்று இரண்டு பக்கம் எழுதி வைத்தேன். அந்த விளக்கத்தைத் திருத்தத்தின் பாதியாகவே நான் மதிக்கிறேன்.

இதில் நான் பிடிவாதமாக இருப்பதற்குக் காரணம் உண்டு. 2016 அக்டோபரில் டர்ட்டி கௌ என்ற பெயரில் வெளிவந்த லினக்ஸ் வழு, சாதாரணப் பயனர் ஒருவர் தமக்கு எழுத உரிமையில்லாத கோப்பையும் மாற்றிவிட வழிசெய்தது. அதை டோர்வால்ட்ஸ் பதினொரு ஆண்டுகளுக்கு முன்பே ஒரு முறை திருத்தியிருந்தார். வேறொரு வகைக் கணினியில் அந்தத் திருத்தம் சிக்கல் தந்ததால் அது விலக்கப்பட்டது. தம் பழைய திருத்தம் சரியாக அமையவில்லை என்று, புதிய திருத்தத்தின் குறிப்பில் அவரே எழுதினார். அந்த வழுவை ஒருவரால் கண்டுபிடிக்க முடிந்ததுகூட, தம் சர்வருக்கு வந்த இணையப் போக்குவரத்து முழுவதையும் அழிக்காமல் பதிந்து வைத்திருந்ததால்தான்.

நம் மாவட்டத்துப் பொறியியல் கல்லூரிகளில் படிக்கும் மாணவர்கள் கேட்டுக்கொண்டிருந்தால் ஒரு வேண்டுகோள். ஒரு கருவி உறைந்து நின்றால், பொத்தானில் கை வைப்பதற்கு முன், அது எத்தனை நாள் ஓடியது, கெர்னலின் பதிப்பு எது, கெர்னல் தன் நிகழ்வுகளை எழுதிவைக்கும் பதிவேட்டின் கடைசி வரிகள் என்ன, இந்த மூன்றையும் ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள்.

திருத்திய கெர்னலை 12 பெட்டிகளிலும் ஏற்றினோம். அடுத்த ஆண்டு பணகுடிப் பெட்டி 33 நாட்கள் மௌனமாக இருந்தது. வைகாசியில் ஒரு பிற்பகல், மேல்காற்று எழும்பிய முதல் விநாடியிலேயே அதன் எச்சரிக்கை வந்து சேர்ந்தது. அண்ணாச்சிதான் தொலைபேசியில் கூப்பிட்டுச் சொன்னார்.

வணக்கம்.