வைவாவுக்கு வந்து உட்காருங்கள்

துறைத் தலைவர் அவர்களே, பேராசிரியப் பெருமக்களே, இந்த ஆண்டு முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்திருக்கும் ஆய்வாளர்களே, வணக்கம்.

பல்கலைக்கழகத்தில் விழாவுக்குப் பஞ்சமில்லை. கருத்தரங்கு, விளையாட்டு விழா, பட்டமளிப்பு என்று ஆண்டு முழுக்க ஏதாவது நடக்கும். ஆனால் அறிவிப்புப் பலகையில் ஒரே தாளாக ஒட்டப்பட்டு, எவரும் நின்று படிக்காத நிகழ்ச்சி ஒன்று உண்டு. அதுதான் முனைவர் பட்டத்துக்கான பொது வாய்மொழித் தேர்வு, அதாவது வைவா. உங்கள் ஆய்வேட்டில் முதல் இயலைத் தொடங்குமுன் பிறருடைய வைவா நாலைந்துக்காவது போய் உட்காருங்கள். வேறு துறை வைவாவானாலும் சரி.

பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022ஆம் ஆண்டு விதிமுறைப்படி ஆய்வேட்டை நெறியாளரும், குறைந்தது இரண்டு புறத்தேர்வாளர்களும் மதிப்பிட வேண்டும். வைவாவில் நெறியாளரோடு அந்த இருவரில் ஒருவராவது இருக்க வேண்டும், இணையவழியிலும் நடத்தலாம். ஆய்வேட்டைக் கொடுத்த 6 மாதத்துக்குள் முடிவு அறிவிக்க வேண்டும் என்பதும் விதிதான். நடப்பு எப்படி என்று மூத்த ஆய்வாளர்களைக் கேட்டால் சொல்வார்கள்!

வைவாவில் கவனிக்க வேண்டியது பவர்பாயிண்ட் அல்ல. அடுத்து வரும் பகுதி. தேர்வாளர்கள் தங்கள் அறிக்கையில் எழுதிய கேள்விகளுக்கு ஆய்வாளர் பதில் சொல்வார். ‘இந்த மாவட்டங்களை மட்டும் ஏன் எடுத்தீர்கள்?’, ‘மாதிரி அளவு எப்படி முடிவானது?’ போன்றவை திரும்பத் திரும்ப வரும். ‘நெறியாளர் சொன்னார்’ என்று பதில் வந்தால் அங்கேயே தேர்வாளர் முகம் மாறும். இரண்டாம் ஆண்டிலேயே பிறர் வைவாவில் உட்கார்ந்து அந்தக் கேள்விகளைக் காதில் வாங்கியவர், களப்பணிக்குப் போகுமுன் காரணத்தைக் குறித்து வைத்துக்கொள்வார்.

பிறகு அவையினர் முறை. பெரும்பாலும் முன்பே பேசி வைத்த ஒரு கேள்வி, ஒரு பாராட்டு, உடனே பொன்னாடை, வடை, காபி. சிற்றுண்டிச் செலவும் ஆய்வாளர் தலையில். இந்தப் பழக்கத்தைத் துறைகளே நிறுத்தலாம், விதி எதுவும் கேட்கவில்லை. நீங்கள் கேட்பதானால் ஆய்வுச் சுருக்கத்தை முன்கூட்டியே வாங்கிப் படியுங்கள். ஒரே ஒரு அட்டவணையைப் பிடித்து, ‘இந்த எண் எங்கிருந்து வந்தது?’ என்று கேளுங்கள். சொந்தக் கருத்தை ஐந்து நிமிடம் பேசிவிட்டு ‘இதுபற்றி உங்கள் கருத்தென்ன?’ என்று முடிப்பது கேள்வி ஆகாது.

தமிழில் ஆய்வேடு எழுதுபவர்கள் ஒன்றை அங்கே கண்ணால் பார்க்கலாம். ஆங்கில எழுத்துகளுக்குத் தமிழ் வடிவம் கொடுத்துக் காட்டும் பழைய பாமினி எழுத்துருவில் செய்த பக்கங்கள் அரங்கக் கணினியில் திறக்கும்போது, ‘அம்மா’ இருக்க வேண்டிய இடத்தில் எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்று ஆங்கில எழுத்துகள் நிற்கும். அந்த எழுத்துரு அந்தக் கணினியில் இல்லை, அவ்வளவுதான். பிடிஎஃப் ஆக்கிக் கொண்டுபோனால் திரை பிழைக்கும், ஆய்வேடு பிழைக்காது. பிறர் எழுத்தோடு எவ்வளவு ஒத்திருக்கிறது என்று பார்க்கும் ஒப்புமைச் சோதனை மென்பொருளும் ஆங்கில எழுத்துகளைத்தான் படிக்கும். 2018ஆம் ஆண்டு கருத்துத் திருட்டு விதிமுறையில் 10 விழுக்காடு வரையிலான ஒப்புமைக்குத் தண்டனை இல்லை. அதைத் தாண்டி 40 வரை என்றால் திருத்தி மறுபடி கொடுக்க வேண்டும். பாமினியில் கிடைக்கும் 2 விழுக்காட்டுக்கு எந்த மதிப்பும் இல்லை. காந்திநகர் இன்ஃப்ளிப்நெட் மையம் நடத்தும் சோத்கங்கா என்னும் இணைய ஆய்வேட்டுக் களஞ்சியத்தில் அதே கோப்பு ஏறினால், உள்ளே இருக்கும் ஒரு தமிழ்ச் சொல்லைக்கூடத் தேடி எடுக்க முடியாது.

ஆகவே முதல் நாளிலிருந்தே, தமிழ் எழுத்தைத் தமிழ் எழுத்தாகவே பதிந்து வைக்கும் யூனிகோடில் தட்டச்சு செய்யுங்கள். தட்டச்சகத்தில் கொடுப்பதாக இருந்தால் இதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். பழைய கோப்பை மாற்றி எடுத்தால், ஒகர ஓகாரங்களில் கொம்பும் காலும் பிரிந்து நிற்கிறதா என்று பக்கம் பக்கமாகப் பாருங்கள். மேற்கோளுக்குள் வரும் ஆங்கிலச் சொற்களும் பொருளற்ற தமிழ் எழுத்துகளாக உருமாறியிருக்கும். அந்த வேலையை ஆய்வேடு கொடுக்கும் கடைசி வாரத்துக்குத் தள்ளாதீர்கள். நன்றி, வணக்கம்.