கொடுவும் கோடும்

நேயர்களுக்கு வணக்கம். காரில் போகும்போது நாம் எல்லாரும் பாடுகிறோம், பெரும்பாலும் சினிமாப் பாட்டு. நான் பேச வந்தது, சொந்தமாக எழுதி மெட்டுப் போட்டு, முன்பின் தெரியாதவர்கள் முன்னால் பாடும் நம் சிங்கப்பூர்ப் பிள்ளைகளைப் பற்றி.

அவர்கள் பாடும் இடம் ஓப்பன் மைக், யார் வேண்டுமானாலும் வந்து பாடலாம். பெரிய மேடை கிடையாது. சின்ன கஃபே, ஒரு மைக், ஒரு ஸ்பீக்கர். வந்ததும் தாளில் பெயர் எழுதவேண்டும். ஆளுக்கு இரண்டு பாட்டு.

ஒரு சனிக்கிழமை இரவு, பாலிடெக்னிக்கில் படிக்கும் பெண் ஒருத்தி வந்தாள். அவளுக்கு முன்னால் பாடியவர்கள் எல்லாரும் ஆங்கிலம், ஒருவர் மட்டும் மலாய். கிட்டாரில் கேப்போவை, அதாவது கம்பிகளை அழுத்திப் பிடிக்கும் கிளிப்பை, மாட்டிக்கொண்டு தமிழில் ஆரம்பித்தாள். இரவு வேலை முடிந்து வரும் அப்பாவுக்காகச் சோற்றை மூடி வைத்துவிட்டு மகள் காத்திருக்கிறாள். புளோக்கில் லிஃப்ட் நிற்கும் சத்தம், கிரில் கதவில் சாவி உரசும் சத்தம், எல்லாம் பாட்டில் இருந்தது. எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது.

கடைசி வரி, 'உன் களைப்பில் பாதி எனக்குக் கொடு'. அந்தக் 'கொ'வில் மெட்டு நீண்டது. கேட்டவர் காதில் 'எனக்குக் கோடு' என்றுதான் விழுந்தது.

முடிந்ததும் போய்ச் சொன்னேன். “ஆமா அங்கிள், மெட்டு அங்கதானே நீளுது, என்ன செய்றது?” என்றாள். அங்கேயே உட்கார்ந்து பாடிப் பார்த்தோம். இழுப்பைப் 'பாதி'க்கு மாற்றினாள். 'பா' நெடில், எவ்வளவு இழுத்தாலும் தாங்கும். 'கொடு'வைச் சட்டென்று சொல்லிக் கம்பிகளைக் கையால் அமுக்கினாள். பக்கத்து மேசையில் பேச்சு நின்றது.

குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு. பள்ளியில் படித்ததுதான். குறிலை இழுத்தால் படு, பாடு ஆகிவிடும். விடு, வீடு ஆகிவிடும். சினிமாவிலும் இழுக்கிறார்களே என்பீர்கள். சரி, அந்தப் பாட்டை நூறு தடவை கேட்டிருக்கிறோம், சொல் நமக்கு முன்பே தெரியும். ஓப்பன் மைக்கில் முதல் தடவை, ஒரே தடவை கேட்கிறோம். அதனால் சொல்கிறேன், குறிலை இழுக்காதீர்கள்.

எண்பதுகளில் இங்கே சீன மாணவர்கள் கிட்டாரோடு உட்கார்ந்து தாங்களே எழுதிப் பாடியது 'சின்யாவ்' என்று தனி வகையாகவே நிலைத்தது. நம் பிள்ளைகளின் அப்பாவும் லிஃப்டும் கிரில் கதவும் தமிழ்ப் பாட்டில் வரவேண்டும் என்று எனக்கு ரொம்ப நாள் ஆசை.

ஸ்டூடியோ கண்ணாடிக்கு அந்தப் பக்கம், நேரம் முடிகிறது என்று கை காட்டுகிறார்கள். காப்புரிமை பற்றி விரிவாகப் பேச நினைத்திருந்தேன். சுருக்கமாகச் சொல்கிறேன். பாட்டை எழுதியோ பதிவு செய்தோ வைத்தாலே இங்கே உரிமை உங்களுக்கு வந்துவிடும், எங்கும் பதியத் தேவையில்லை. பொது இடங்களில் பாட்டு ஒலித்தால் உரிமத்தொகை வசூலித்துத் தருவதற்கு 1987இல் தொடங்கிய 'காம்பாஸ்' சங்கம் இருக்கிறது. இன்றைக்கே தேதி போட்டு, கைபேசியில் ஒரு தடவை பாடிப் பதிந்து வையுங்கள். வணக்கம்.