அரசமரத்துக் காக்கையும் கணக்கு ஆசிரியரும்
(கிளை நூலக வாசகர் வட்டக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

விழாத் தலைவர் அவர்களே, முன்வரிசையில் வீற்றிருக்கும் நகர்மன்ற உறுப்பினர் அவர்களே, மூட்டுவலியையும் பொருட்படுத்தாமல் மாடிப்படி ஏறி வந்திருக்கும் எங்கள் முன்னாள் தலைமையாசிரியர் ஐயா அவர்களே, நாற்காலிகள் தந்து உதவிய வணிகர் சங்கத்துப் பெரியவர்களே, நூலகர் அம்மையார் அவர்களே, எல்லோருக்கும் முன்பே வந்து தரையில் இடம்பிடித்த மாணவச் செல்வங்களே, வணக்கம். பொன்னாடை போர்த்திய நகர்மன்ற உறுப்பினர் அவர்களிடம் பின்னர் ஒரு விண்ணப்பம் வைக்கப்போகிறேன் என்பதால், அவருக்கு மட்டும் நன்றியைச் சற்று அழுத்தியே சொல்லிவிடுகிறேன்.

காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு என்பார்கள். பெற்றோர்களே, உங்கள் பொன் குஞ்சுகளை நாள்தோறும் கால் மணி நேரம் சன்னலோரம் சும்மா நிற்க விடுங்கள் என்று கேட்கவே வந்திருக்கிறேன். பறவைகளை ஏன் பார்க்க வேண்டும், பார்த்ததை எப்படிக் குறித்துவைக்க வேண்டும், பார்ப்பதற்குப் பறவைகள் மிஞ்ச என்ன செய்ய வேண்டும் என்று மூன்று செய்திகள் உண்டு.

1896 நவம்பர் 12 அன்று பிறந்த பறவையியல் அறிஞர் சாலிம் அலி, சிறுவயதில் தாம் சுட்டு வீழ்த்திய குருவியின் கழுத்தில் மஞ்சள் திட்டைக் கண்டு, அது என்ன குருவி என்று கேட்கப் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் படியேறினார். அவரை இழுத்தது அபூர்வப் பறவையன்று, ஒரு சாதாரணக் குருவிதான். வேடந்தாங்கலுக்கு ஆண்டுக்கொரு முறை பேருந்து பிடித்துப் போவது நல்லதே. ஆனால் மின்கம்பியில் அமர்ந்திருக்கும் இரட்டைவால் குருவியைப் பார்க்கப் பயணச்சீட்டு வேண்டியதில்லை.

நான் பணியாற்றிய பள்ளியில் ஒரு கணக்கு ஆசிரியர் இருந்தார். ஜூன் மாதம் பள்ளி திறந்த வாரத்தில், மிதிவண்டியை அரசமரத்தடியில் நிறுத்தியவரின் தலையில் ஒரு காக்கை ஓங்கிக் கொத்திவிட்டது. மறுநாளும் கொத்தியது. மூன்றாம் நாள், மேகமே இல்லாத வானத்தின் கீழ் அவர் குடை பிடித்து வந்தார். காக்கை சனீஸ்வரனின் வாகனம் அல்லவா? ஏழரைச் சனி என்றார் ஓர் ஆசிரியர். கண்டகச் சனி என்றார் மற்றொருவர். அவர்கள் இருவரும் வாதாடி முடிப்பதற்குள் மனிதர் எள் விளக்கு ஏற்றி, விடுப்பெடுத்துத் திருநள்ளாறும் போய்வந்துவிட்டார். திங்கட்கிழமை காக்கை மறுபடியும் கொத்தியது. அப்போதுதான் கணக்கில் ஒருபோதும் தேறாத ஏழாம் வகுப்புப் பையன் ஒருவன் தயங்கித் தயங்கி வந்து, "ஐயா, நீங்கள் வண்டி நிறுத்தும் இடத்துக்கு நேர் மேலே கூடு இருக்கிறது, வேறு மரத்தடியில் நிறுத்துங்கள்" என்றான். நிறுத்தினார்; சனி விலகிற்று.

பையன் அதோடு விடவில்லை. சில வாரங்கள் கழித்து, காக்கை ஊட்டிக்கொண்டிருந்த குஞ்சின் உடலில் புள்ளிகள் இருப்பதாகச் சொல்லி எங்களை அழைத்துப்போய்க் காட்டினான். அது குயில் குஞ்சு! குயில் காக்கைக் கூட்டில் முட்டையிடும் என்று ஆண்டுதோறும் கரும்பலகையில் எழுதிப்போட்ட எங்களில் ஒருவரும் அதைக் கண்ணால் கண்டதில்லை. தன் குஞ்சு மட்டுமா காக்கைக்குப் பொன் குஞ்சு? யார் பெற்ற பிள்ளைக்காகவோ அல்லவா அது எங்கள் கணக்கு ஆசிரியரின் மண்டையைப் பதம் பார்த்தது!

குறிப்பெடுப்பதைப் பற்றி விரிக்க நேரமில்லை. 2015 முதல் நடக்கும் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பில் 15 நிமிடம் ஓரிடத்தில் நின்று பார்த்து எண்ணினால் போதும், குழந்தைகளே, பழகிவிடும்.

நான் சொல்ல வந்தது இந்த நூலகத்துக்குப் பின்னால் நிற்கும் அரசமரத்தைப் பற்றி. சாலையை அகலப்படுத்த அதன்மேல் சிவப்பு வண்ணத்தில் எண் எழுதிவிட்டார்கள். பழக்காலத்தில் குயிலும் மைனாவும் கொண்டைக்குருவியும் அங்கேதான் பந்தி அமர்கின்றன. அதன் பட்டுப்போன கிளையைத் துளைத்துத்தான் குக்குறுவான் குடியிருக்கிறது. இந்த மரத்துக்கு ஈடாகப் பத்துச் செடிகள் நடுவதாகச் சொல்கிறார்கள். அந்தப் பத்தையும் சேர்த்தாலும் ஒரு காக்கை கூடு வைக்க இடமிராது.

நகர்மன்ற உறுப்பினர் அவர்களே, காக்கைக்குத் தன் குஞ்சு போல உங்களுக்கு உங்கள் வார்டு பொன் குஞ்சு என்பதை ஊரறியும். சாலையைச் சற்றே வளைத்துப் போடக் கோரும் விண்ணப்பம் நூலகர் மேசையில் இருக்கிறது. மாணவர்கள் அனைவரும் கையெழுத்திட்டுவிட்டார்கள். முதல் வரி மட்டும் தங்களுக்காகக் காலியாக இருக்கிறது.