போருக்கு முன்பே கேட்டாக வேண்டும்

நேயர்களுக்கு என் வணக்கம்.

2002 செப்டம்பர் 8, ஞாயிற்றுக்கிழமை. அன்றைய நியூயார்க் டைம்ஸ் நாளிதழின் முதல் பக்கத்தில் ஒரு செய்தி வந்தது. ஈராக் அரசு ஆயிரக்கணக்கான அலுமினியக் குழாய்களை வாங்க முயன்றிருக்கிறது, அவை அணுகுண்டுக்காக யுரேனியத்தைச் செறிவூட்டும் இயந்திரங்களுக்கானவை என்று அமெரிக்க அதிகாரிகள் கருதுகிறார்கள் என்றது அந்தச் செய்தி. அதிகாரிகளின் பெயர் இல்லை. அதே காலையில் துணை அதிபர் டிக் செனி தொலைக்காட்சி நேர்காணலுக்கு வந்தார். குழாய்களைப் பற்றிப் பேச்சு வந்ததும், இன்றைய டைம்ஸிலேயே வந்திருக்கிறது என்று அந்தச் செய்தியையே சான்றாகக் காட்டினார். தேசியப் பாதுகாப்பு ஆலோசகர் கண்டலீசா ரைஸ் வேறொரு தொலைக்காட்சியில், மறுக்க முடியாத ஆதாரம் வரும்வரை காத்திருந்தால் அது அணுகுண்டு வெடித்த புகையாக வந்து நிற்கக்கூடும் என்ற பொருளில் பேசினார்.

அரசிடமிருந்து புறப்பட்ட தகவல் பத்திரிகைக்குப் போனது. அங்கே பத்திரிகையின் நற்பெயரைப் பெற்றுக்கொண்டது. பிறகு அதே அரசின் கைக்குச் சாட்சியாகத் திரும்பி வந்தது. இத்தனையும் ஒரே காலைப் பொழுதில் முடிந்துவிட்டது. அதற்கு ஓராண்டுக்கு முன்பே அமெரிக்க எரிசக்தித் துறையின் வல்லுநர்கள், அந்தத் தொழில்நுட்பத்தை உள்ளும் புறமும் அறிந்தவர்கள், இந்தக் குழாய்கள் சாதாரண பீரங்கி ராக்கெட்டுகளுக்குத்தான் பொருந்தும் என்று அரசுக்குள் எழுதிக் கொடுத்திருந்தார்கள். அவர்களுடைய கருத்து முதல் பக்கத்துக்கு வரவில்லை. ஆறு மாதம் கழித்து, 2003 மார்ச் மாதம், போர் தொடங்கியது.

இன்று நான் பேச விரும்புவது இந்த ஆறு மாதங்களைப் பற்றித்தான். இந்தப் போருக்கு மட்டுமல்ல, தொலைதூர நாட்டில் ஒரு வல்லரசு நடத்தும் ஒவ்வொரு போருக்கும் இப்படி ஒரு முன்பருவம் உண்டு. கேள்வி கேட்பதால் பெரும் பலன் கிடைக்கக்கூடிய காலம் அதுதான். கேட்பவருக்குக் கடும் இழப்பு நேரும் காலமும் அதுவே. போர் முடிந்து பத்தாண்டு ஆன பிறகு யார் வேண்டுமானாலும் அது தவறு என்று பேசலாம். அதற்கு விருதுகூடக் கிடைக்கும். கருத்துச் சுதந்திரம் ஒரு நாட்டில் மெய்யாகவே இருக்கிறதா என்பதை அந்த முன்பருவத்தில்தான் சோதித்துப் பார்க்க முடியும்.

2002இல் கேள்வி கேட்டவர்கள் இல்லாமல் போய்விடவில்லை. நைட் ரிடர் என்ற பத்திரிகைக் குழுமத்தின் வாஷிங்டன் அலுவலகத்தில் ஜொனாதன் லாண்டே, வாரன் ஸ்ட்ரோபெல் என்ற இரு செய்தியாளர்கள் இருந்தார்கள். அமைச்சர்களோடு விருந்துண்ணும் வாய்ப்பு அவர்களுக்குப் பெரிதாக இருந்ததில்லை. ஆகவே நடுத்தட்டு அதிகாரிகளையும், உளவுத் தகவலைக் கையால் தொட்டுப் பார்க்கும் ஆய்வாளர்களையும் தேடிப் போனார்கள். மேலே சொல்லப்படுவதற்கும் கீழே தெரிந்திருப்பதற்கும் இடையே உள்ள பிளவை மாதக்கணக்கில் எழுதினார்கள். அந்தக் குழுமத்துக்கு வாஷிங்டனிலும் நியூயார்க்கிலும் சொந்தப் பத்திரிகை கிடையாது. எனவே முடிவெடுப்பவர்களின் மேசைக்கு அந்தச் செய்திகள் போய்ச் சேரவில்லை. அந்தக் குழுமத்தின் பத்திரிகைகளிலேயே சில, அவற்றை வெளியிடத் தயங்கின. நாடே ஒன்றைச் சொல்லும்போது நாம் மட்டும் வேறொன்றைச் சொல்வதா என்ற அச்சம் செய்தி அறைகளிலும் வேலை செய்கிறது.

தொலைக்காட்சியில் இன்னும் வெளிப்படையாகவே நடந்தது. ஃபில் டானஹ்யூ என்ற புகழ்பெற்ற தொகுப்பாளர் எம்எஸ்என்பிசி தொலைக்காட்சியில் போரை எதிர்ப்பவர்களுக்கும் நாற்காலி கொடுத்தார். அந்தத் தொலைக்காட்சியில் அதிகம் பேர் பார்த்த நிகழ்ச்சிகளில் ஒன்று அது. 2003 பிப்ரவரியில் நிறுத்திவிட்டார்கள். போர்க் காலத்தில் இவர் நமக்குச் சங்கடமான முகமாக இருப்பார் என்று நிறுவனத்தின் உள்அறிக்கை ஒன்று எச்சரித்திருந்தது பின்னால் வெளியே வந்தது. எந்தச் சட்டமும் அவர் வாயை அடைக்கவில்லை. போலீஸ் வரவில்லை. நீதிமன்றம் எதுவும் தடை விதிக்கவில்லை. கருத்துச் சுதந்திரத்தைச் சட்டம் மட்டும் காப்பாற்றிவிடும் என்று நம்புவோர் இந்த ஒரு நிகழ்வை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். 

சட்டமே வாயை அடைத்த காலமும் உண்டு. 1917இல் அமெரிக்கா முதல் உலகப் போரில் இறங்கியது. சில வாரங்களிலேயே உளவுச் சட்டம் வந்தது. பெயரைக் கேட்டால் எதிரி நாட்டு ஒற்றர்களைப் பிடிக்க வந்த சட்டம் என்றுதான் தோன்றும். அதன்கீழ் சிறைக்குப் போனவர்களில் பலர் பேசியதற்காகவும் எழுதியதற்காகவும் போனவர்கள். பிலடெல்பியாவில் சார்லஸ் ஷெங்க் என்ற சோஷலிஸ்ட், கட்டாய ராணுவச் சேவை அரசியல் சட்டத்துக்கு விரோதமானது என்று துண்டறிக்கை அச்சிட்டார். தண்டனை பெற்றார். 1919இல் உச்ச நீதிமன்றம் ஒருமனதாக அந்தத் தண்டனையை உறுதி செய்தது. அரங்கில் தீப்பிடித்துவிட்டது என்று பொய்யாகக் கூவுபவனைக் கருத்துச் சுதந்திரம் காக்காது என்று நீதிபதி ஹோம்ஸ் எழுதியது அந்தத் தீர்ப்பில்தான். பேச்சுக்கு எல்லை வகுக்க வேண்டும் என்பவர்கள் இன்றும் உலகெங்கும் அந்த உவமையை எடுத்துக்காட்டுகிறார்கள். அங்கே தீ என்று குறிக்கப்பட்டது போருக்கு ஆள் எடுப்பதை எதிர்த்த ஒரு துண்டறிக்கை என்பதைச் சேர்த்துச் சொல்பவர்கள் குறைவு.

அடுத்த வாரமே யூஜின் டெப்ஸின் வழக்கில் தீர்ப்பு வந்தது. தொழிற்சங்கத் தலைவர், அதிபர் தேர்தலில் பலமுறை நின்றவர். 1918 ஜூன் மாதம் ஒஹாயோ மாநிலத்தின் கான்டன் நகரில், போரை அறிவிப்பவர்கள் எப்போதும் ஆளும் வர்க்கத்தார், போரில் மடிபவர்கள் எப்போதும் உழைக்கும் வர்க்கத்தார் என்று பேசினார். பத்தாண்டுச் சிறைத் தண்டனை. அவர் சிறைக்குள் போனது 1919 ஏப்ரலில். போர் முடிந்து ஐந்து மாதம் ஆகியிருந்தது! நாட்டின் பாதுகாப்புக்கு அவரால் என்ன ஆபத்து மிச்சமிருந்தது? 1920இல் சிறையில் இருந்தபடியே அவர் அதிபர் தேர்தலில் நின்றார். 9 லட்சத்துக்கும் அதிகமான மக்கள் அவருக்கு வாக்களித்தார்கள். 1921 கிறிஸ்துமஸ் நாளில்தான் வெளியே வந்தார்.

போர்க்காலத்தில் எல்லாவற்றையும் எல்லாரும் சொல்லிவிட முடியாது என்பதை நான் ஏற்கிறேன். துருப்புக் கப்பல் எந்தத் துறைமுகத்திலிருந்து எந்த நேரத்தில் புறப்படுகிறது என்பதை வெளியிடுபவர் உயிர்களோடு விளையாடுகிறார். டெப்ஸ் அப்படி எதையும் சொல்லவில்லை. இந்தப் போர் ஏன் என்று கேட்டார். படையின் நடமாட்டத்தைக் காக்க எழுந்த மறைப்பு, போருக்கான காரணத்தையும் சேர்த்து மறைக்கத் தொடங்கும்போதுதான் கேடு விளைகிறது.

வியட்நாமை எடுத்துக்கொள்ளுங்கள். 1964 ஆகஸ்ட் 4 இரவு டோன்கின் வளைகுடாவில் அமெரிக்கப் போர்க்கப்பல்கள் தாக்கப்பட்டன என்று அதிபர் ஜான்சன் நாட்டுக்கு அறிவித்தார். இரண்டு நாள் முன்பு ஒரு மோதல் நடந்தது மெய். நான்காம் தேதித் தாக்குதல் நடக்கவே இல்லை. அன்றிரவே களத்திலிருந்த தளபதி, ரேடார் காட்டியவை ஐயத்துக்குரியவை என்று செய்தி அனுப்பியிருந்தார். பத்திரிகைகள் அரசு சொன்னதைப் பெரிய எழுத்தில் அச்சிட்டன. மூன்றே நாளில் நாடாளுமன்றம் அதிபருக்குப் போர் நடத்தும் அதிகாரத்தை அள்ளிக் கொடுத்தது. கீழவையில் 416 வாக்குகள் ஆதரவு, எதிர்ப்பு ஒன்றுகூட இல்லை. செனட்டில் 88க்கு 2. எதிர்த்த இருவர் ஆரிகானின் வேன் மோர்ஸும் அலாஸ்காவின் எர்னஸ்ட் க்ரூனிங்கும். 1968இல் இருவருமே பதவியை இழந்தார்கள்.

உண்மை வெளிவர 1971 ஆயிற்று. அரசுக்காக வியட்நாம் போரின் ரகசிய வரலாற்றை எழுதும் பணியில் பங்கெடுத்த டேனியல் எல்ஸ்பர்க், 7,000 பக்கங்களைப் படியெடுத்துப் பத்திரிகைகளுக்குக் கொடுத்தார். அரசு தடை கேட்டது. உச்ச நீதிமன்றம் ஆறுக்கு மூன்று என்ற கணக்கில் மறுத்தது. அரசின் எந்த அங்கமும் மக்களை ஏமாற்றி, அவர்களைத் தொலைதேசத்துக்கு அனுப்பி, அங்குள்ள காய்ச்சலுக்கும் குண்டுக்கும் பலியாக்காமல் தடுப்பதே சுதந்திரப் பத்திரிகையின் தலையாய கடமை என்று நீதிபதி ஹியூகோ பிளாக் எழுதினார். அந்தத் தீர்ப்பைக் கொண்டாடுவதில் நானும் சேர்ந்துகொள்கிறேன். ஆனால் அந்த ஜூன் மாதத்துக்குள் ஐம்பதாயிரத்துக்கும் அதிகமான அமெரிக்க வீரர்களும் லட்சக்கணக்கான வியட்நாமியரும் இறந்துவிட்டிருந்தார்கள். அதே ஆவணங்களின் உள்ளடக்கத்தில் ஒரு பகுதி 1964 ஆகஸ்டில் ஒரு நாளிதழில் வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எல்ஸ்பர்க்கே பின்னாளில் வருந்தியிருக்கிறார். முன்பே வெளியிட்டிருக்க வேண்டும் என்று சாகும்வரை சொன்னார்.

1990ஐயும் சொல்லியாக வேண்டும். குவைத்தை ஈராக் ஆக்கிரமித்த பிறகு, அக்டோபர் மாதம், அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினர்கள் குழு ஒன்றின் முன் 15 வயதுப் பெண் ஒருத்தி கண்ணீரோடு சாட்சி சொன்னாள். ஈராக்கியப் படையினர் மருத்துவமனையில் இன்குபேட்டர்களிலிருந்து குழந்தைகளை எடுத்துத் தரையில் போட்டுச் சாகவிட்டார்கள் என்றாள். அப்போதைய அதிபர் மூத்த புஷ் அந்தக் கதையைத் திரும்பத் திரும்பச் சொன்னார். செனட்டர்கள் வாக்களிக்கும்போது அதைக் காரணம் காட்டினார்கள். அவள் அமெரிக்காவுக்கான குவைத் தூதரின் மகள் என்பதும், அந்தப் பிரசாரத்தை நடத்தியது ஒரு பெரிய மக்கள் தொடர்பு நிறுவனம் என்பதும் 1992 ஜனவரியில்தான் பத்திரிகையில் வந்தது. போர் முடிந்து பத்து மாதம் கழிந்திருந்தது. குவைத் மக்கள்மேல் நடந்த கொடுமைகள் மெய்யானவை. அவற்றை மெய்யாகவே சொல்லியிருக்கலாம். அந்தப் பெண் யார் என்ற ஒரே கேள்வியைச் சாட்சியம் நடந்த வாரத்திலேயே ஒரு செய்தியாளர் கேட்டிருந்தால் போதும்.

சரி, இந்தத் தாமதத்தின் விலை எவ்வளவு?

2002 செப்டம்பரில் வெள்ளை மாளிகையின் பொருளாதார ஆலோசகர் லாரன்ஸ் லிண்ட்சே, ஈராக் போருக்கு 10,000 கோடி முதல் 20,000 கோடி டாலர் வரை ஆகலாம் என்று பேட்டியில் சொன்னார். அதே ஆண்டு முடிவதற்குள் பதவியை விட்டுப் போக நேர்ந்தது. பாதுகாப்பு அமைச்சர் ரம்ஸ்ஃபெல்டு 5,000 கோடிக்கும் கீழே என்றார். துணை அமைச்சர் வுல்ஃபோவிட்ஸ், எண்ணெய் வருவாயால் ஈராக் தன் மறுகட்டுமானத்துக்குத் தானே பணம் தேடிக்கொள்ளும் என்று நாடாளுமன்றத்தில் நம்பிக்கை அளித்தார். 2001க்குப் பிந்தைய அமெரிக்கப் போர்கள் அனைத்துக்கும் சேர்த்து, பிரவுன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2021இல் போட்ட கணக்கு ஏறத்தாழ 8 லட்சம் கோடி டாலர். நேரடியாகப் போரில் கொல்லப்பட்டவர்கள் சுமார் 9 லட்சம் பேர் என்றும் அவர்கள் மதிப்பிட்டார்கள்.

அந்த 8 லட்சம் கோடியில் இரண்டு லட்சம் கோடிக்கும் மேலான தொகை இனிமேல் வரவிருக்கும் செலவு. உடல் உறுப்பையும் மன அமைதியையும் இழந்து திரும்பிய வீரர்களுக்கு வாழ்நாள் முழுதும் கொடுக்க வேண்டிய மருத்துவச் செலவும் உதவித்தொகையும் அவை. அமெரிக்காவின் அனுபவத்தில் இந்தச் செலவு போர் முடிந்து முப்பது, நாற்பது, ஐம்பது ஆண்டு கழித்துத்தான் உச்சத்துக்குப் போகிறது. 1865இல் முடிந்த உள்நாட்டுப் போரின் கடைசி ஓய்வூதியம், ஒரு போர்வீரரின் மகளுக்கு மாதம் 73 டாலர் 13 சென்ட் என்று, 2020 வரை போய்க்கொண்டிருந்தது. போர் முடிந்து நூற்றைம்பத்தைந்து ஆண்டுகள்! ஈராக் போருக்கு ஆன செலவைத் தனி வரி போட்டு மக்களிடம் கேட்கவில்லை. கடன் வாங்கினார்கள், அதே வேளையில் வரியையும் குறைத்தார்கள். இறந்து திரும்பிய வீரர்களின் சவப்பெட்டிகள் டோவர் விமானப்படைத் தளத்தில் இறங்குவதைப் படமெடுக்க 1991இல் விதித்த தடை 2009 வரை நீடித்தது. பணமும் கண்ணில் படவில்லை, பிணமும் கண்ணில் படவில்லை. அப்படியிருக்க, போரைப் பற்றிக் கருத்துச் சொல்ல வேண்டிய குடிமகன் எதை வைத்து முடிவு செய்வான்?

நியூயார்க் டைம்ஸ் தன் ஈராக் செய்திகளில் சில, இருந்திருக்க வேண்டிய அளவுக்குக் கண்டிப்போடு எழுதப்படவில்லை என்று 2004 மே 26 அன்று ஆசிரியர் குறிப்பு வெளியிட்டது. ஒப்புக்கொண்டது நேர்மையான செயல். எல்லாப் பத்திரிகைகளும் அந்த அளவுக்குக்கூட வரவில்லை. ஆனால் குழாய்ச் செய்தி வந்தது முதல் பக்கத்தில், இந்தக் குறிப்பு வந்ததோ பத்தாம் பக்கத்தில்.

கணக்கு எப்படி வந்து சேர்கிறது என்பதற்கு ஒரே ஒரு விவரம். ஈராக்கிலும் ஆப்கானிஸ்தானிலும் அமெரிக்க ராணுவம் தன் தளங்களின் கழிவுகளைத் திறந்த குழிகளில் போட்டு விமான எரிபொருள் ஊற்றி எரித்தது. பிளாஸ்டிக், பேட்டரி, மருத்துவக் கழிவு, பெயின்ட் எல்லாம் அதில் உண்டு. பாக்தாத்துக்கு வடக்கே பலாட் தளத்தில் இருந்த குழி பத்து ஏக்கர் பரப்புக் கொண்டது. அந்தப் புகையைச் சுவாசித்த வீரர்கள் புற்றுநோயோடும் நுரையீரல் நோயோடும் ஆண்டுக்கணக்கில் அலைந்தார்கள். நோய்க்கும் புகைக்கும் உள்ள தொடர்பை நிரூபியுங்கள் என்று அவர்களிடமே கேட்கப்பட்டது. 2022 ஆகஸ்டில்தான் அவர்களுக்கான சட்டம் வந்தது. பத்தாண்டுக்கு ஏறத்தாழ 28,000 கோடி டாலர் என்று அதன் செலவை மதிப்பிட்டார்கள். லிண்ட்சே முழுப் போருக்கும் சொன்ன உச்சத் தொகையைவிட இந்த ஒரு சட்டத்தின் செலவு அதிகம். பலாட் தளத்தின் வேலிக்கு வெளியே அதே காற்றைச் சுவாசித்துக்கொண்டிருந்த ஈராக்கியக் கிராம மக்களுக்கு அந்தச் சட்டத்தில் ஒரு டாலர்கூட இல்லை.

நன்றி. வணக்கம்.