செப்டம்பரில் யாருடைய புத்தகத்தை எடுப்பது?

அவைத் தலைவர் அவர்களே, டர்பன் வட்டாரத்து வாசகர் வட்டங்களிலிருந்து வந்திருக்கும் பெரியவர்களே, தாய்மாரே, இளையவர்களே, வணக்கம்.

தென்னாப்பிரிக்காவில் செப்டம்பர் முழுவதும் மரபு மாதம். 24ஆம் தேதி மரபு நாள். டர்பன் இருக்கும் நேட்டாலில் அது ஏற்கெனவே சுலு மன்னர் ஷாகாவின் நினைவு நாளாக இருந்தது. மக்களாட்சி வந்தபின் பொது விடுமுறைச் சட்டத்தின் வரைவில் அந்த நாள் விடுபட்டது. சுலு மக்களிடையே வலுவான இன்காதா சுதந்திரக் கட்சி எதிர்ப்புத் தெரிவித்தது. பேசி முடித்ததில், எல்லாச் சமூகங்களும் தத்தம் மரபைக் கொண்டாடும் நாளாக அது பட்டியலில் ஏறியது. ஆகவே சுலு மக்களின் நாள் ஒன்றைத்தான் நாம் எல்லோரும் பங்கிட்டுக் கொண்டிருக்கிறோம். இதை நினைவில் வைத்துக்கொண்டால், செப்டம்பரில் தமிழர் வாசகர் வட்டம் யாருடைய புத்தகத்தை எடுக்க வேண்டும் என்ற கேள்விக்குப் பாதி விடை கிடைத்துவிடும். செப்டம்பரில் பக்கத்து வீட்டுக்காரரின் புத்தகம். நம் புத்தகத்துக்கு நவம்பர் இருக்கிறது. ஒப்பந்தத் தொழிலாளர்களாக வந்த முதல் இந்தியர்களை ஏற்றிய துரூரோ கப்பல் சென்னையிலிருந்து வந்து டர்பன் கரையை அடைந்தது 1860 நவம்பர் 16 அன்று.

"நல்ல புத்தகம் எந்த மாதத்திலும் நல்ல புத்தகம்தானே, தனி மாதம் எதற்கு?" என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். ஆனால் வட்டங்களில் புத்தகம் எப்படித் தேர்வாகிறது என்று பாருங்கள். ஒருவர் கேள்விப்பட்டதைச் சொல்கிறார், மற்றவர்கள் தலையாட்டுகிறார்கள். அவர் கேள்விப்பட்டது கடை வாசல் மேசையில் அடுக்கியிருந்ததை. அந்த மேசையை நிரப்புவது பெரும்பாலும் லண்டனிலும் நியூயார்க்கிலும் விளம்பரம் பெற்ற நூல்கள். யாரும் யாரையும் ஒதுக்க நினைக்கவில்லை. இருந்தும் ஆண்டு முடிந்து பார்த்தால் நம் தெருவுக்கு அடுத்த தெருவில் பேசும் மொழியிலிருந்து ஒரு புத்தகம்கூட வந்திருக்காது. இந்தப் பழக்கத்தை நல்லெண்ணம் மட்டும் மாற்றாது, நாள்காட்டியில் ஒரு தேதி வேண்டும்.

அமெரிக்காவில் வரலாற்றாசிரியர் கார்ட்டர் உட்சன் 1926இல் செய்தது அதுதான். கறுப்பின மக்களின் வரலாற்றுக்கென்று பிப்ரவரியில் ஒரு வாரத்தைக் குறித்தார். தேதி குறித்ததோடு நில்லாமல், 1915இல் தாம் தொடங்கிய சங்கத்தின் வழியாக ஆசிரியர்களுக்குப் பாடக் குறிப்புகளும் படங்களும் அனுப்பினார். அந்த வாரம் 1976இல் மாதமாக விரிந்தது. தேதி இருந்தால் நூலகர் முன்கூட்டியே புத்தகம் வாங்குகிறார், கடைக்காரர் வரவழைக்கிறார், பதிப்பாளர் மறுபதிப்புக்குத் துணிகிறார். வாசகர் கேட்பார் என்ற நம்பிக்கை அவர்களுக்குத் தேவை, அதைத் தருவதுதான் மாதத்தின் வேலை.

அதே தேதியை வேறுவிதமாகவும் செலவழிக்கலாம். 2005இல் தொடங்கிய ஒரு இயக்கம் செப்டம்பர் 24ஐ நாடு முழுவதும் இறைச்சி சுடும் நாளாக, பிராய் நாளாக, மாற்றப் பார்த்தது. அது புரட்டாசியில் வருகிறது. விரதம் இருக்கும் நம் வீடுகளில் அன்றைக்கு அடுப்பில் இறைச்சி ஏறாது. எல்லோரையும் ஒரே பந்தியில் உட்கார வைக்க முயன்றால் யாராவது வெளியே நிற்க நேரிடும் என்பது இதிலேயே தெரிகிறது. புத்தகத்தில் அந்தச் சிக்கல் இல்லை. அவரவர் வேறுபாட்டோடு அப்படியே வரலாம்.

இனி வேலைக்கு வருகிறேன். முதலில், கடைசியாக வாசித்த 24 புத்தகங்களை ஒரு தாளில் எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே நான்கு விவரம்: முதலில் எந்த மொழியில் எழுதப்பட்டது, எழுதியவர் எங்கு வளர்ந்தவர், எந்த ஆண்டு வந்தது, எங்கே அச்சானது. எழுதியவரின் இனத்தை மட்டும் எண்ணினால் ஏமாந்து போவீர்கள். ஆறு வெவ்வேறு இனத்தவர் எழுதிய ஆறு நூல்களும் ஒரே நகரத்துப் பதிப்பாளருக்காக ஆங்கிலத்திலேயே எழுதப்பட்டவையாக இருக்கலாம். முதல் மொழி என்ற கட்டம்தான் உண்மையைக் காட்டும். இந்த நாட்டில் 12 ஆட்சிமொழிகள் இருக்கின்றன. அவற்றில் ஒன்பது ஆப்பிரிக்க மொழிகள். உங்கள் தாளில் எத்தனை வருகிறது என்று பாருங்கள்.

தேர்வுக்கு ஒரு எடுத்துக்காட்டு. ஷாகாவின் நாள் என்பதால் ஷாகாவையே எடுத்துக்கொள்ளலாம். தாமஸ் மொஃபோலோ சோத்தோ மக்களின் மொழியான செசோத்தோவில் எழுதிய 'ஷாகா' நாவல், லெசோத்தோவின் மொரிஜா மிஷன் அச்சகத்தில் 1925இல் வந்தது. எழுதி முடித்துப் பல ஆண்டுகள் மிஷனரிகள் தயங்கி வைத்திருந்த கைப்படி அது. அதில் ஷாகா ஒரு சோக நாயகன், அதிகாரத்துக்காக மந்திரவாதியோடு உடன்பாடு செய்து அழிபவன். டர்பனில் பிறந்த மசீசி குனெனே சுலுவில் எழுதித் தாமே ஆங்கிலமாக்கிய ஷாகா காப்பியம் 1979இல் வந்தது. அங்கே அவன் பேரரசைக் கட்டியவன். இரண்டையும் சேர்த்து வாசித்தால்தான் பயன். முதலாவதை மட்டும் எடுக்கும் வட்டம், சோத்தோ எழுத்தாளர் கண்ட ஷாகாவைச் சுலு மக்களின் ஷாகா என்று நம்பிவிடும். நாவல் சிறியது, முழுதாக வாசிக்கலாம். காப்பியம் பெரியது. அதில் 40 பக்கம் தேர்ந்தெடுத்தால் போதும்.

சுலுப் பெயர்களைத் தப்பாக உச்சரித்துக்கொண்டே கூட்டம் நடத்துவது மரியாதை இல்லை. பத்து நிமிடப் பயிற்சியில் ஓரளவுக்கு வந்துவிடும். ஆங்கில எழுத்து 'சி' வரும் இடத்தில், நாம் ஐயோ பாவம் என்று உச்சுக் கொட்டுவோமே, அந்த ஒலி. 'எக்ஸ்' வரும் இடத்தில் நாக்கின் பக்கவாட்டைக் கடைவாய்ப் பல் ஓரமாக இழுத்து விடவேண்டும். 'கியூ' வந்தால் நாக்கை மேலண்ணத்தில் ஒட்டிச் சடக்கென்று பிரிக்கவேண்டும். சுலு பேசும் ஒருவரை அழைத்து மூலத்தில் இரண்டு பக்கம் வாசிக்கச் சொல்லுங்கள். அவருக்கு முன்பே பக்கங்களைக் கொடுத்துவிடுங்கள். வழிச்செலவையும் கொடுங்கள். ஆனால் "உங்கள் மக்கள் இதைப்பற்றி என்ன நினைக்கிறார்கள்?" என்று அவரிடம் கேட்காதீர்கள். ஒருவர் தலையில் ஒரு சமூகத்தையே ஏற்றும் கேள்வி அது. அடுத்த ஆண்டு அவர் வரமாட்டார். "இந்த இடம் உங்களுக்கு எப்படிப்பட்டது?" என்று கேளுங்கள்.

பெரும்பாலான வட்டங்கள் வழுக்கும் இன்னொரு இடம், துயரத்தை மட்டும் தேர்ந்தெடுப்பது. சிறை, கலவரம், வெளியேற்றம் என்று மூன்று செப்டம்பர் போனால், அந்த மக்களுக்குக் காதலும் சிரிப்பும் துப்பறியும் கதையும் இல்லை என்ற எண்ணம் படிந்துவிடும். ஒரு கனமான நூலுக்கு ஒரு இலகுவான நூல் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அதற்காகக் கசப்பானதைத் தவிர்க்கவும் கூடாது. 1949 ஜனவரியில் டர்பனில் ஆப்பிரிக்கருக்கும் இந்தியருக்கும் இடையே நடந்த கலவரத்தில் 142 பேர் மாண்டார்கள். பாதிக்கு மேல் ஆப்பிரிக்கர்கள், ஐம்பது பேர் இந்தியர்கள். நம் வீடுகளில் சொல்லப்படும் கதையில் மாண்ட ஆப்பிரிக்கர்களின் எண்ணிக்கை பெரும்பாலும் வருவதில்லை. 2021 ஜூலைக் கலவரத்தின்போது, இந்தியர் மிகுதியாக வாழும் டர்பனின் ஃபீனிக்ஸ் பகுதியில் நடந்த கொலைகளும் அப்படித்தான், இரு பக்கமும் தத்தம் பாதியை மட்டும் வைத்திருக்கிறது. டர்பனின் கேட்டோ மேனர் பகுதியில் இரு சமூகமும் அருகருகே வாழ்ந்த காலத்தை ரோனி கோவிந்தரின் 1996ஆம் ஆண்டுக் கதைத்தொகுப்பு நம் பக்கத்திலிருந்து காட்டுகிறது. அதை வாசிக்கும் வட்டம் அதே கூட்டத்தில் ஆப்பிரிக்கர் ஒருவர் எழுதிய நினைவுக்குறிப்பையும் வைக்கவேண்டும். இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

புத்தகம் கைக்கு வருவதில்தான் பாதித் திட்டங்கள் கெடுகின்றன. உள்ளூர்ப் பதிப்புகள் குறைந்த படிகளே அச்சாகின்றன, விரைவில் தீர்ந்துவிடும். ஆகஸ்டில் தேட ஆரம்பித்தால் கிடைக்காது. கடைசியில் கிடைத்ததை வாசிப்பீர்கள், அது மறுபடியும் கடை வாசல் மேசை. ஆகவே மே மாதத்தில் தேர்வு. ஜூனில் நகராட்சி நூலகத்தில் வேறு கிளைகளின் படிகளைக் கேட்டு எழுதிக் கொடுங்கள். பழைய புத்தகக் கடைகளையும் அதே மாதம் பாருங்கள். 12 பேர் வட்டத்துக்கு 6 படி போதும். ஆளுக்கு மூன்று வாரம் என்று இருவருக்கு ஒரு படி. ஆகஸ்ட் முதல் தேதி படிகள் கையில் இருந்தால் செப்டம்பர் நடுவில் எல்லோரும் முடித்திருப்பார்கள். புத்தகத்துக்கு 15 விழுக்காடு வரி உண்டு என்பதால் செலவைப் பகிர்வதும் நல்லது. முழு நூலை நகலெடுக்காதீர்கள். மொழிபெயர்ப்பாளருக்கும் சிறு பதிப்பாளருக்கும் வரவேண்டிய கொஞ்சப் பணமும் போய்விடும். டர்பனின் கில்லி கேம்பல் நூலகத்தில் சுலு பற்றிய அரிய நூல்கள் இருக்கின்றன. இரவல் தரமாட்டார்கள், அங்கேயே உட்கார்ந்து குறிப்பெடுக்கலாம்.

நவம்பருக்கு வருகிறேன். 1903 ஜூனில் நேட்டாலில் தொடங்கிய 'இந்தியன் ஒப்பீனியன்' வார இதழ் ஆங்கிலம், குஜராத்தி, இந்தி, தமிழ் என்று நான்கு மொழியில் வந்தது. 1906இல் தமிழும் இந்தியும் நின்றன. பதிப்பிக்கவும் அச்சுக் கோர்க்கவும் தகுந்த ஆள் கிடைக்கவில்லை. அந்த ஆரம்ப இதழ்களின் தமிழ்ப் பக்கம் ஒன்றை எடுத்து உரக்க வாசியுங்கள். தமிழ் எழுத்துத் தெரியாத பிள்ளைகளுக்கு அதே வரிகளை ஆங்கில எழுத்தில் எழுதிக் கொடுங்கள். செப்டம்பரில் வந்த சுலு நண்பரை இந்தக் கூட்டத்துக்கும் அழையுங்கள், இந்த முறை அவர் கேட்கட்டும்.

கூட்டம் முடிந்ததும் கலையாதீர்கள். அடுத்த பத்து மாதங்களில் குறைந்தது மூன்றுக்குப் புத்தகத்தை அங்கேயே முடிவுசெய்யுங்கள்: ஒன்று ஐசிகோசா என்ற ஆப்பிரிக்க மொழியிலிருந்து, ஒன்று ஆப்ரிகான்ஸிலிருந்து, ஒன்று தமிழிலிருந்து. தலைப்புகளை எழுதி, டிசம்பர் விடுமுறைக்கு முன் உங்கள் கிளை நூலகரிடம் வாங்கச் சொல்லிக் கொடுத்துவிடுங்கள். 24 புத்தகத் தாளை மே மாதம் மறுபடி எடுங்கள்.